நீளமான ஆங்கிலச் சொல்லை வால் பக்கத்திலிருந்து பாருங்கள்

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள், ஆங்கிலப் பாடத்தைச் சரளமாக வாசித்துக்கொண்டே வந்து, ஐந்தாறு அசைகள் கொண்ட சொல் ஒன்று குறுக்கிட்டதும் நின்றுவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட சொல்லை எங்கே பிரிப்பது என்பதில் அசைக்கு ஒரு தட்டு என்று வகுப்பில் சொல்லித் தரும் கைதட்டல் முறையும், அகராதியில் காணும் புள்ளிகளும், இலக்கணப் புத்தகம் காட்டும் முன்னொட்டு பின்னொட்டுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, எதைப் பின்பற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் பல ஆண்டுகளாக மாலை வகுப்புகளில் ஆங்கில உச்சரிப்பைக் கற்பித்து வருவதால், இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

உங்கள் மகளிடம் குறை ஏதும் இல்லை. ஒரு சொல்லை வாய் பிரிக்கும் இடமும் பொருள் பிரியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் குழப்பத்திற்குக் காரணம். தமிழிலேயே அவை ஒன்றல்ல. ‘நடந்தான்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அதை ந, டந், தான் என்று மூன்றாகச் சொல்கிறது. பகுபத உறுப்பிலக்கணமோ, ‘நட’ என்ற பகுதி, சந்தியாக வந்து ‘ந்’ என்று விகாரப்பட்ட ‘த்’, இறந்தகாலம் காட்டும் இடைநிலையாகிய இன்னொரு ‘த்’, ஆண்பால் விகுதியாகிய ‘ஆன்’ என்று வேறு விதமாகப் பிரிக்கிறது. ‘தான்’ என்ற ஒரே அசைக்குள் காலமும் ஆளும் சேர்ந்து நிற்கின்றன. ‘நட’ என்ற ஒரே பகுதி இரண்டு அசைகளில் சிதறிக் கிடக்கிறது. இதைத் தமிழ் வகுப்பில் படித்த குழந்தைக்கு, ஆங்கிலச் சொல்லையும் இரண்டு முறை, இரண்டு நோக்கங்களுக்காகப் பிரிக்க வேண்டும் என்பது புதிய செய்தியாக இருக்காது. ஒலிக்காக ஒரு முறை, பொருளுக்காக ஒரு முறை.

ஒலிப் பிரிப்பில், கைதட்டலைவிட நம்பகமான வழி ஒன்று நம் எழுத்துமுறையிலேயே இருக்கிறது. ஆங்கில அசை ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் உயிரொலி உண்டு. தமிழில் உயிரெழுத்தும் உயிர்மெய்யெழுத்தும் தலைக்கு ஓர் உயிரொலியைத் தாங்கி நிற்கின்றன. புள்ளி வைத்த மெய்க்கு உயிரொலி கிடையாது. ஆகவே ஆங்கிலச் சொல்லைக் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதி, புள்ளி எழுத்துகளை அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணினால் அசைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். வலிமைகள் என்று பொருள்படும் ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ ஆங்கிலத்தில் 9 எழுத்துகள் கொண்டது. தமிழில் எழுதினால் ‘ரெ’ ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் புள்ளி எழுத்துகள் என்பதால் அது ஓரசைச் சொல். சென்னையில் நாள்தோறும் புழங்கும் ‘ஏரியா’ ஆங்கிலத்தில் 4 எழுத்துகள்தான், ஆனால் மூன்று அசைகள். சொல்லின் நீளம் அசையின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை என்பதைக் குழந்தைகள் இந்த இரண்டு சொற்களிலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்த முறையைப் பின்பற்றும்போது எச்சரிக்கை ஒன்று வேண்டும். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பதால், நம் நாக்கு தன்னையறியாமல் ஓர் உயிரை முன்னால் சேர்த்து ‘இஸ்கூல்’ என்கிறது. ஆங்கிலத்தில் ஓரசையாக நிற்கும் சொல் நம்மிடம் ஈரசையாகிவிடுகிறது. ‘ஃபிலிம்’ என்று நாம் இரண்டு அசைகளாகச் சொல்லும் சொல்லும் ஆங்கிலத்தில் ஓரசைதான், ‘ல்’லுக்கும் ‘ம்’முக்கும் நடுவே உயிர் எதுவும் அங்கே இல்லை. ஆகவே எழுதும்போது நம் வழக்கத்தை எழுதாமல், கேட்ட ஒலியை எழுத வேண்டும். அதோடு, செய்யுள் யாப்பில் படித்த நேரசை, நிரையசையோடு இதைக் கலந்துவிடக் கூடாது. ‘கட’ என்ற இரண்டு குறில்களும் சேர்ந்து யாப்பில் ஒரே நிரையசை. நாம் இங்கே பேசும் கணக்கில் அவை இரண்டு. ‘அசை’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துவதால், தமிழை நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் இந்த இடத்தில் அதிகமாகத் தடுமாறுகிறார்கள்.

எழுத்துக்கூட்டலை நம்பி எண்ணுவதும் ஏமாற்றும். வசதியான என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை நாம் ‘கம்ஃபோர்ட்டபிள்’ என்று நான்கு அசைகளாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இயல்பான பேச்சில் ‘கம்ஃப்டபிள்’ என்று மூன்றாகச் சொல்கிறார்கள். காய்கறிக்கான சொல் ‘வெஜ்டபிள்’ என்று மூன்று, ‘சாக்லெட்’ இரண்டு, புதன்கிழமை ‘வென்ஸ்டே’ என்று இரண்டு. நடுவில் இருந்த அசை எங்கே போனது என்ற கேள்விக்கு விடை அழுத்தத்தில் இருக்கிறது. அதற்கு வருமுன் அகராதிப் புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை: சில அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே காணப்படும் புள்ளிகள், அச்சில் ஒரு வரியின் கடைசியில் சொல்லை எங்கே முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம் என்பதைக் காட்டுபவை. அவை வாயின் அசைகளோடு பல இடங்களில் ஒத்துப்போகும், சில இடங்களில் போகாது. அமெரிக்கர்கள் ஒலியைப் பார்த்து முறிக்கும் சொல்லைப் பிரிட்டிஷ் அச்சு மரபு உறுப்பைப் பார்த்து முறிப்பதும் உண்டு. வாசித்துப் பழகும் குழந்தை அந்தப் புள்ளிகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அவள் பார்க்க வேண்டியது, பக்கத்தில் தரப்படும் உச்சரிப்புக் குறிப்பில் ஏதோ ஓர் அசைக்கு முன்னால் மேலே நிற்கும் சின்னஞ்சிறு செங்குத்துக் கோடு. அந்தக் கோட்டிற்கு அடுத்து வரும் அசையில்தான் முதன்மை அழுத்தம். அதே போன்ற கோடு கீழே இருந்தால் அது இரண்டாம் நிலை அழுத்தம்.

அழுத்தம் என்பதை ‘சத்தமாகச் சொல்வது’ என்று மட்டும் புரிந்துகொண்டால் போதாது. அழுத்தம் பெற்ற அசை சற்று நீளும், குரலின் சுருதி அங்கே மாறும், அதன் உயிரொலி முழு உருவில் கேட்கும். அழுத்தம் பெறாத அசைகளுக்கோ உயிரொலி தேய்ந்துவிடும். பெரும்பாலும் ‘ஷ்வா’ என்று ஒலியியலில் சொல்லப்படும், அகரத்தின் மெலிந்த வடிவம் போன்ற ஓர் ஒலியாக அது சுருங்கிப்போகும். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான், ஆனால் இதற்கென்று தனி எழுத்து அந்த மொழியில் இல்லை. தமிழர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. ஐகாரக்குறுக்கம் படித்திருக்கிறோம்: தனித்து நிற்கும்போது இரண்டு மாத்திரை பெறும் ஐகாரம் சொல்லின் இடையிலும் கடையிலும் ஒரு மாத்திரையாகக் குறைகிறது, அதனால்தான் எழுத்தில் ‘தலை’ என்று இருப்பது பேச்சில் ‘தல’ ஆகிறது, ‘கடைசி’ என்பது ‘கடசி’ ஆகிறது. சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து உயிர் தன் அளவை இழப்பது என்ற இந்த நிகழ்ச்சியை ஆங்கிலம் எல்லா உயிர்களுக்கும் செய்கிறது. இந்த ஒப்பீட்டைச் சொன்னதும் வகுப்பில் பலருக்கு முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

புகைப்படத்திற்கான சொற்குடும்பத்தைப் பாருங்கள். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். ‘ஃபொட்டாகிரஃபர்’ என்று புகைப்படக்காரரைச் சொல்லும்போது அது இரண்டாம் அசைக்கு நகர்கிறது. முதல் அசையில் முழுதாக இருந்த ‘ஃபோ’ மெலிகிறது, மெலிந்திருந்த ‘ட’ முழு உயிர் பெறுகிறது. ‘ஃபோட்டகிராஃபிக்’ என்னும்போது அழுத்தம் மூன்றாம் அசையில் போய் நிற்கிறது. ஒளியைக் குறிக்கும் கிரேக்க உறுப்பும் எழுதுதலைக் குறிக்கும் கிரேக்க உறுப்பும் மூன்று சொற்களிலும் அப்படியே இருக்கின்றன. மாறியது வால் மட்டும். வால் மாறியதும் அழுத்தம் நகர்ந்தது, அழுத்தம் நகர்ந்ததும் உயிரொலிகள் எல்லாம் இடம் மாறின. நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்: நீளமான ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் எங்கே என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் கடைசி உறுப்பு. ஆகவே தலையிலிருந்து எழுத்தெழுத்தாக முட்டி மோதிக்கொண்டு வராமல், கண்ணை முதலில் வாலுக்குக் கொண்டுபோக வேண்டும். தமிழ் வினைமுற்றிலும் வந்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதைக் கடைசி விகுதியைப் பார்த்துத்தானே சொல்கிறோம்.

அழுத்தம் பெறாத அசைகளை ஆங்கில நாக்கு எவ்வளவு தூரம் விழுங்கும் என்பதற்குச் சென்னைக்காரர்கள் எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. திருவல்லிக்கேணியை எண்ணிப் பாருங்கள்: தி, ரு, வல், லிக், கே, ணி என்று ஆறு அசைகள். ஆங்கிலேயர் வாயில் அது ‘டிரிப்ளிகேன்’ என்று மூன்றாகச் சுருங்கியது. ஏழு அசைகள் கொண்ட திருவனந்தபுரம் ‘டிரிவேண்ட்ரம்’ என்று மூன்றானது. நாம் எல்லா அசைகளுக்கும் உரிய மாத்திரையைக் கொடுத்துச் சொல்கிறவர்கள். அவர்கள் ஒன்றிரண்டு அசைகளைத் தூக்கிப் பிடித்து மற்றவற்றைக் கழித்துவிடுகிறவர்கள். நம் ஊர்ப் பெயரை அவர்கள் சிதைத்துச் சொன்னது நமக்கு எப்படி அடையாளம் தெரியாமல் ஒலிக்கிறதோ, அதுபோலத்தான் அவர்களுடைய சொல்லுக்கு நாம் எல்லா அசையிலும் சம எடை கொடுத்துச் சொல்வது அவர்கள் காதில் விழுகிறது.

வால்களில் இரண்டு இனம் உண்டு. ஒட்டிக்கொண்டாலும் அழுத்தத்தைத் தொடாதவை ஓர் இனம்: ‘நெஸ்’, ‘லெஸ்’, ‘ஃபுல்’, ‘லி’, ‘இங்’, ‘மென்ட்’ போன்றவை. வளர்ச்சிக்கான சொல் இதற்கு நல்ல உதாரணம். நம் நாக்கு தமிழ் வழக்கப்படி முதல் அசையைத் தூக்கி ‘டெவலப்’ என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாம் அசையில், ‘டிவெலப்’. அதோடு ‘மென்ட்’ சேர்ந்தாலும், ‘இங்’ சேர்ந்தாலும் அழுத்தம் அந்த ‘வெ’யை விட்டு நகர்வதில்லை.

அழுத்தத்தைத் தன் பக்கம் இழுப்பவை மற்றோர் இனம். ‘ஷன்’ என்று முடியும் சொல்லில் அதற்கு நேர் முன்னால் உள்ள அசையில் அழுத்தம் விழும்: ‘செலிப்ரேட்’ என்ற வினையில் முதல் அசையில் இருந்தது, ‘செலிப்ரேஷன்’ என்றதும் ‘ரே’க்கு ஓடிவிடுகிறது. ‘இக்’ என்று முடிந்தாலும் அதற்கு முந்தைய அசையில்தான். இதற்கு ‘கேத்தலிக்’, ‘அராபிக்’, ‘பாலிடிக்ஸ்’ போன்ற விலக்குகள் உண்டு, ஆனால் அவை குறைவு. ‘இட்டி’ என்று முடிபவற்றிலும் அவ்வாறே: ‘எலெக்ட்ரிக்’ என்பதில் ‘லெ’யில் இருந்த அழுத்தம் ‘எலெக்ட்ரிசிட்டி’ என்பதில் ‘ட்ரி’க்குப் போகிறது, கூடவே ககர ஒலி சகர ஒலியாக மாறுகிறது. ‘ஏட்’ என்று முடியும் மூன்றும் அதற்கு மேலும் அசைகள் கொண்ட வினைகளில் கடைசியிலிருந்து மூன்றாம் அசை. அழுத்தத்தைத் தன் மேலேயே ஏற்றிக்கொள்ளும் வால்களும் உண்டு. ‘இன்ஜினியர்’, ‘டிரெய்னீ’, ‘ஜாப்பனீஸ்’ ஆகிய மூன்றிலும் கடைசி அசையில்தான் முதன்மை அழுத்தம். ‘கமிட்டி’ இதற்கு விலக்கு. இழுக்கும் வால்கள் பெரும்பாலும் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு வழி வந்தவை; தொடாதவற்றில் பெரும்பாலானவை பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் கலந்ததால், ஒரே மொழிக்குள் இரண்டு அழுத்தப் பழக்கங்கள் தங்கிவிட்டன. வடசொல்லுக்குத் தனிச் சந்தி விதிகள் சொன்ன மரபில் வந்த நமக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை.

இனிப் பொருள் பிரிப்பு. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்புக்கு வந்த செவிலியர் பயிற்சி மாணவி ஒருவர், பேருந்தில் எழும்பூரைக் கடக்கும்போதெல்லாம் அங்குள்ள அரசு கண் மருத்துவமனையின் ஆங்கிலப் பலகையை வாசிக்க முயன்று தோற்றுப்போவதாகச் சொன்னார். 1819இல் தொடங்கிய பழம்பெரும் மருத்துவமனை அது. கண் மருத்துவத்திற்கான ஆங்கிலச் சொல்லோ ‘ஆஃப்தல்மாலஜி’. கரும்பலகையில் அதை எழுதி, வாலை மட்டும் விட்டு மற்றதைக் கையால் மறைத்தேன். ‘லஜி’ என்று வாசித்தார். இந்த வாலைச் ‘சைக்காலஜி’, ‘பயாலஜி’, ‘கார்டியாலஜி’ எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறோம் என்றார்; எல்லாவற்றிலும் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் அழுத்தம் என்பதை அவரே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக் கண்டுபிடித்தார். பிறகு கையை எடுத்தேன். முன்னால் இருந்தது கண்ணைக் குறிக்கும் கிரேக்க உறுப்பு. ‘ஆஃப்-தல்-மா-ல-ஜி’ என்று ஐந்து அசைகளில், ‘மா’வில் அழுத்தம் வைத்து, தயங்காமல் சொன்னார்.

அந்த ‘மா’வைச் சற்று உற்றுப் பார்த்தால் நான் முதலில் சொன்னது விளங்கும். அதிலுள்ள மகர மெய் கண்ணைக் குறிக்கும் உறுப்பின் கடைசி ஒலி. அதை அடுத்த உயிர் இரண்டு உறுப்புகளையும் ஒட்டுவதற்காக நடுவில் வந்தது. தனக்கென்று பொருள் இல்லாமல் இணைப்பதற்கென்றே வரும் அந்த உயிரை, நம் இலக்கணத்தின் சாரியையோடு ஒப்பிடலாம். ‘மரம்’ என்பதற்கும் ‘ஐ’ உருபுக்கும் இடையே ‘அத்து’ வந்து ‘மரத்தை’ ஆவது போல. பொருளில் எதுவும் இல்லாத அந்த இணைப்பு உயிரின் மேல்தான் சொல்லின் முழு அழுத்தமும் ஏறி நிற்கிறது. ஆகவே பொருளுக்காகப் பிரித்த இடத்திலேயே வாயாலும் பிரித்து ‘ஆஃப்தல்ம்’, ‘ஆலஜி’ என்று நிறுத்திச் சொன்னால் சொல் உடைந்துவிடும். ஒலிக்காகப் பிரித்ததை வைத்துப் பொருள் தேடினால் ‘மா’வுக்கு எந்த அகராதியிலும் விடை கிடைக்காது.

உறுப்பாகப் பிரிப்பதன் பெரிய பயன், அஞ்ச வைக்கும் சொல் ஏற்கெனவே தெரிந்த சொற்களின் அடுக்கு என்று தெரிந்துபோவது. பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் அலுவலகங்களில் ‘ஐ18என்’ என்று ஒரு சுருக்கம் புழங்குகிறது. மென்பொருளைப் பல நாட்டு மொழிகளுக்கு ஏற்றதாக வடிவமைப்பதைக் குறிக்கும் ‘இன்டர்நேஷனலைசேஷன்’ என்ற 20 எழுத்துச் சொல்லின் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் இடையே 18 எழுத்துகள் இருப்பதால் வந்த சுருக்கம் அது. அவ்வளவு நீளமான சொல்லின் அடியில் கிடப்பது ‘நேஷன்’ என்ற ஈரசைச் சொல். அதிலிருந்து ‘நேஷனல்’, முன்னால் ஒட்டி ‘இன்டர்நேஷனல்’, பின்னால் ஒட்டி ‘இன்டர்நேஷனலைஸ்’, அதன் மேல் இன்னொரு வால். தமிழ்ச் சொல் பின்னால் மட்டுமே வளரும் பழக்கம் உடையது. ஆங்கிலச் சொல் இரு பக்கமும் வளரும் என்பதைக் குழந்தைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் தோற்றத்தை மட்டும் பார்த்து உறுப்பு பிரிப்பது ஆபத்து. மணலி, எண்ணூர் பக்கம் போகும் எரிபொருள் டேங்கர் லாரிகளின் பின்புறம் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘இன்’ என்பது எதிர்மறை முன்னொட்டு என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் அதைத் தீப்பற்றாதது என்று புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அங்கே ‘இன்’ எதிர்மறை அல்ல. தீமூட்டு என்று பொருள்படும் ‘இன்ஃப்ளேம்’ என்ற வினையின் பகுதி அது, அதனோடுதான் ‘ஏபிள்’ சேர்ந்திருக்கிறது. ஆகவே பொருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஹெலிகாப்டரை எல்லோரும் ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று பிரிக்கிறோம். கிரேக்க மூலத்தில் அது சுருள் என்று பொருள்படும் ‘ஹெலிகோ’, சிறகு என்று பொருள்படும் ‘ப்டெர்’. தவறான அந்தப் பிரிப்பு நிலைத்துப்போய் ‘ஹெலிபேட்’ என்ற புதுச் சொல்லே பிறந்துவிட்டது.

எல்லாச் சொல்லையும் இங்கிலாந்துக்காரரைப் போலச் சொல்லியாக வேண்டும் என்று நான் கருதவில்லை. ‘ஹோட்டல்’ ஆங்கிலத்தில் இரண்டாம் அசையில் அழுத்தம் பெறும் சொல். நாம் முதல் அசையைத் தூக்கிச் சொல்கிறோம், தமிழ் பேசும்போது அதுதான் சரி. ஆங்கிலம் வாசிக்கும்போதும் கேட்கும்போதும் நிலைமை வேறு. குறிப்பாகக் கேட்பதில். எல்லா உயிரையும் முழுதாக எதிர்பார்த்துக் காத்திருக்கும் காது, தேய்ந்து வரும் அசைகளைத் தவறவிட்டு, தெரிந்த சொல்லையே தெரியாத சொல் என்று நினைத்துக்கொள்கிறது. அழுத்தத்தைக் கற்பிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது முதலாவதாக இதற்காகத்தான்.

இன்று மாலையே மகளை உட்கார வைத்து, பொறுப்பு என்று பொருள்படும் 14 எழுத்து ஆங்கிலச் சொல்லில் தொடங்கலாம். வாலில் ‘இட்டி’ இருப்பதை அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய அசை ‘பி’ என்பதால் அங்கே பென்சிலால் ஒரு சிறு கோடு போடட்டும். இனிக் கடைசியிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். முதலில் ‘பிலிட்டி’ என்பதை மட்டும் ‘பி’யில் அழுத்தம் வைத்து மூன்று நான்கு முறை. அது நாவில் படிந்ததும் ‘சிபிலிட்டி’, அதிலும் ‘சி’ மெலிந்தே இருக்கட்டும். அடுத்து ‘ஸ்பான்சிபிலிட்டி’. கடைசியாக முன்னால் ஒரு லேசான ‘ரி’. இப்படிப் பின்னாலிருந்து கட்டும்போது ஒவ்வொரு முறையும் வாய் தெரியாத இடத்தில் தொடங்கித் தெரிந்த இடத்தில் வந்து முடிகிறது, அதனால் நடுவில் நிற்பதில்லை. நாளுக்கு இரண்டு சொற்கள் போதும். சொல்லி முடித்த பிறகு அகராதியைத் திறந்து, அவள் போட்ட பென்சில் கோடும் அச்சில் உள்ள கோடும் ஒரே அசையில் இருக்கின்றனவா என்று அவளே சரிபார்க்கட்டும்.